தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஆய்வில் சேருமுன்: டெல்டா குடும்பங்களுக்கான வழிகாட்டி

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஒரு வீட்டில் நடக்க முடியாத பிள்ளை இருந்தால், சர்க்கரையால் ஆறாத கால்புண் இருந்தால், வயலில் குனிந்து குனிந்தே முட்டி தேய்ந்த அம்மா இருந்தால், "ஸ்டெம் செல்னு ஒண்ணு வந்திருக்காமே, தொப்புள்கொடியிலேர்ந்து எடுக்குறாங்களாம்" என்று யாராவது வந்து சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் நல்லெண்ணமுள்ள உறவினராக இருக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு ஊசி போடும் கிளினிக்கின் ஏஜென்டாக இருக்கலாம். உண்மையிலேயே ஆய்வு நடத்தும் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளராகவும் இருக்கலாம். இவர்களைப் பிரித்தறிவது எப்படி, உண்மையான ஆய்வு என்றால் அதில் சேர்வது எப்படி, செல் ஏற்றும் நாளில் என்ன நடக்கும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்தச் செல் என்று கேளுங்கள்

"தொப்புள்கொடி ஸ்டெம் செல்" என்ற ஒரே பேரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, குழந்தை பிறந்தபின் கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கிவிடும் ரத்தம். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இதில் இருக்கின்றன. 1988-ல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளூக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை இருந்த ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்தினார்கள். உலகின் முதல் கொடி ரத்த மாற்று சிகிச்சை அதுதான். இன்று ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, எலும்பு மஜ்ஜை செயலிழப்பு, பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு போன்றவற்றுக்கு இது நிலைபெற்ற சிகிச்சை. இங்கே கேள்வி "பலன் உண்டா" என்பதல்ல, "பொருத்தமும் அளவும் போதுமா" என்பதுதான்.

இரண்டாவது, கொடியின் ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கும் வழவழப்பான சதை. வார்ட்டன் ஜெல்லி என்பார்கள். இதிலிருந்து எடுத்து வளர்க்கும், மீசென்கைமல் என்ற வேறு வகை ஸ்டெம் செல்களைத்தான் மூட்டுத் தேய்மானம், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், முதுகுத்தண்டுக் காயம், சர்க்கரை நோய் என்று பலவற்றுக்கும் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். இவை புது நரம்பாகவோ புதுக் கணையமாகவோ மாறி உட்கார்ந்துகொள்வதில்லை. ரத்த நாளம் வழியாக ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் சிக்கி, சில நாட்களில் மறைந்துவிடுகிறது. அதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் உடலின் அழற்சியைத் தணிக்கும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. "செத்துப்போன நரம்பு திரும்ப முளைக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இந்த அடிப்படையே தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார்.

மீசென்கைமல் செல்லில் முடிவு தெரிந்தவை சில உண்டு. கொடி ரத்தத்திலிருந்து வளர்த்த இவ்வகைச் செல்லை முழங்கால் குருத்தெலும்புக்குப் பயன்படுத்த 2012-ல் தென்கொரியா அனுமதி கொடுத்தது. ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு, தானமாக வந்த செல் நோயாளியின் உடலையே தாக்கும் சிக்கலுக்கு, கொடியின் சதையிலிருந்து வளர்த்த மருந்து ஒன்றுக்கு 2025 ஜனவரியில் சீனா நிபந்தனையுடன் அனுமதி தந்தது. ஏமாற்றமும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளுக்குக் கொடி ரத்தம் கொடுத்துப் பார்த்தது. 2020-ல் வெளியான முடிவின்படி, முதன்மையாக அளந்த சமூகப் பழக்கத் திறனில் பிளாசிபோ என்ற மருந்தில்லாத போலி மருந்து பெற்ற குழந்தைகளைவிட இவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்று நம் நாட்டின் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்கு வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. பிள்ளைக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்க நினைக்கும் பெற்றோரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

தாயத்து பற்றிய வாட்ஸாப் செய்தி

"தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டியது அந்தக் காலத்து ஸ்டெம் செல் வங்கி" என்ற செய்தி வருடம் தவறாமல் சுற்றி வருகிறது. காய்ந்து விழுந்த கொடியில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. செல் உயிரோடு இருக்க வேண்டுமானால் எடுத்த 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்தி, உறையவைத்து, திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே வைக்க வேண்டும். வழக்கத்தை வழக்கமாகக் கடைப்பிடியுங்கள். அந்தத் தாயத்தைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு இதையொட்டி ஒரு செய்தி. குழந்தையின் கொடி ரத்தத்தை அதன் சொந்த உபயோகத்துக்கென்று பணம் கட்டித் தனியார் வங்கியில் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்பதில்லை. பிறவி மரபுக் கோளாறு என்றால் அதே கோளாறு சேமித்த பையிலும் இருக்கும். அளவுக் கணக்கும் இடிக்கிறது. மாற்று சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது இரண்டரைக் கோடி செல் வேண்டும். 15 கிலோ பிள்ளைக்கு 37.5 கோடி, 60 கிலோ பெரியவருக்கு 150 கோடி. ஒரு பையில் 100 கோடி கிடைத்தாலே அது நல்ல பை. ரத்தம் நிறைய வரட்டும் என்று கொடியை அவசரமாகக் கவ்வி அறுக்கச் சொல்வதும் தவறு. குறைந்தது 1 நிமிடமாவது பொறுத்துக் கொடியை இறுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த ரத்தம் குழந்தைக்குப் போனால் இரும்புச்சத்து சேரும். ரத்தசோகை மிகுந்த நம் ஊர்களில் அந்த ஒரு நிமிடம் பெரிய சொத்து.

விதிவிலக்கு ஒன்று. மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற, மாற்று சிகிச்சையால் தீரக்கூடிய நோய் இருந்தால், அடுத்த குழந்தையின் கொடி ரத்தத்தைச் சேமிப்பது பொருளுள்ள செயல். இதைப் பிரசவ வலி வந்தபின் பேச முடியாது. மூத்த பிள்ளையைப் பார்க்கும் ரத்தநோய் மருத்துவரிடம் 7-ஆம் மாதத்துக்குள்ளாவது பேசிவிடுங்கள்.

பதிவு எண்ணைச் சரிபார்ப்பது

ஆய்வு என்று யார் அழைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது சி.டி.ஆர்.ஐ. எண். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்த ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், சாய்கோடு, ஆண்டு, சாய்கோடு, மாதம், சாய்கோடு, 6 இலக்கம் என்பது எண்ணின் அமைப்பு. "எண் இருக்குங்க, அப்புறம் தர்றோம்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

எண் கிடைத்ததும் பதிவேட்டின் இணையதளத்தில் தேடுங்கள். பக்கம் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கும். கல்லூரி படிக்கும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஐந்து இடங்களைப் பாருங்கள். ஆய்வு நடக்கும் மையங்களின் பட்டியலில் உங்களை அழைத்த மருத்துவமனையும் மருத்துவரும் இருக்கிறார்களா? ரெக்ரூட்மென்ட் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் ஆள் சேர்ப்பு நடப்பதாக இருக்கிறதா, முடிந்துவிட்டதாக இருக்கிறதா? நோயாளிகளின் நலனைக் காக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் (நெறிமுறைக் குழு) ஒப்புதல் கிடைத்துவிட்டதா? சேர்க்கும், விலக்கும் நிபந்தனைகளில் உங்கள் வயதும் நோயும் அடங்குகின்றனவா? கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமாக, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியான டி.சி.ஜி.ஐ. அனுமதி.

இந்தக் கடைசி இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பதிவேட்டில் பதிந்திருப்பது வேறு, அனுமதி பெற்றிருப்பது வேறு. பதிவேடு யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை. மருந்தாகப் பயன்படுத்தும் ஸ்டெம் செல் தயாரிப்பு எதுவானாலும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி அது எப்போதுமே "புதிய மருந்து". ஆகவே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சி.டி.-06 என்ற படிவத்தில் அனுமதி இருக்க வேண்டும். வளர்த்த செல்லை ஏற்றும் ஆய்வின் பக்கத்தில் டி.சி.ஜி.ஐ. இடத்தில் "பொருந்தாது" என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இதோடு, ஸ்டெம் செல் ஆய்வுக்கென்றே மருத்துவமனையில் தனிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

பணம் கேட்டால்

உண்மையான ஆய்வில் செல்லுக்கும் ஊசிக்கும் ஆய்வுக்கான பரிசோதனைகளுக்கும் நோயாளி பணம் கட்டமாட்டார். "பாதிச் செலவு ஆராய்ச்சி நிதி, மீதி நீங்க" என்பதும் பணம் கேட்பதுதான். வழிச்செலவும் அந்த நாள் கூலி இழப்பும் பெரும்பாலான ஆய்வுகளில் திருப்பித் தரப்படும். எவ்வளவு, எப்போது, ரசீது வேண்டுமா என்பதை முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உடன் வருபவருக்கும் உண்டா என்று சேர்த்துக் கேளுங்கள். தஞ்சாவூரிலிருந்து இரவு பஸ்ஸில் சென்னைக்கோ வேலூருக்கோ போய்வர ஒருவருக்கு ஆகும் செலவு, சக்கர நாற்காலிப் பிள்ளையோடு போகும் தாய்க்கு இரண்டு மடங்காகும்.

பணம் வாங்கும் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வதில் காசு போவது மட்டும் நட்டமல்ல. ஏற்கெனவே செல் சிகிச்சை எடுத்தவர்களைப் பல ஆய்வுகள் சேர்ப்பதில்லை. இன்று லட்சங்கள் கொடுத்துப் போட்டுக்கொண்ட ஊசி, நாளை வரும் நல்ல ஆய்வின் கதவைச் சாத்திவிடும். உயிருக்கும் ஆபத்து உண்டு. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெறாத கொடி ரத்தத் தயாரிப்பை மூட்டிலும் முதுகிலும் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியாத் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்ததை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது.

ஒப்புதல் படிவம்

முதல் நாளே கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் தகவல் தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். ஏற்கெனவே உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம், தஞ்சை மருத்துவக் கல்லூரியோ திருவாரூரோ நாகையோ, காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்டி, அதன் பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாகவும் அதற்குமேல் 18 வரை எழுத்திலும் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்கள் உரிமை. அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

படிவத்தில் தேட வேண்டியவை: இது எத்தனையாவது கட்டம் (முதல் கட்டம் என்றால் பாதுகாப்பை மட்டுமே பார்க்கிறார்கள், குணமாக்க அல்ல), பிளாசிபோ உண்டா, இருந்தால் ஆய்வு முடிந்தபின் அந்தக் குழுவினருக்குச் செல் கொடுப்பார்களா, எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள், எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் எது. எந்தக் குழுவில் விழுவீர்கள் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். மருத்துவரிடம் சிபாரிசு பிடித்துப் பயனில்லை. பல ஆய்வுகளில் அவருக்கே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

தேதிகளை வயலோடு ஒப்பிடுங்கள்

ஆய்விலிருந்து நம் பகுதியினர் பாதியில் நின்றுபோக எளிய காரணம் ஒன்று போதும்: வருகை நாள் நடவிலோ அறுப்பிலோ வந்து விழுவது. 1 மாதம், 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என்று வருகைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சில நாட்கள் சலுகை இருக்கும். அது 3 நாளா 14 நாளா என்று கேளுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் உடனே குறுவை வேலை, செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பும் சம்பா நடவும், தை மாசியில் சம்பா, தாளடி அறுப்பு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தால், செல் ஏற்றும் நாளையே முன்பின் தள்ளிவைத்து எல்லா வருகையையும் ஏதுவாக்க முடியும். ஏற்றிய பிறகு தள்ளிவைக்க இடமில்லை. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் பஸ் நின்றுபோனால் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட வருகை ஆய்வில் ஓட்டையாகிவிடும். சொல்லிவிட்டால் மாற்று வழி பார்ப்பார்கள்.

சேர்க்கும் முன் ரத்தம், சிறுநீர், ஸ்கேன், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் பரிசோதனைகள் நடக்கும். புற்றுநோய் இருந்தவர்களையும் கர்ப்பிணிகளையும் பெரும்பாலும் விலக்குவார்கள். நாட்டு மருந்து, லேகியம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நாள்பட வலி மாத்திரை சாப்பிட்டுவிட்டு மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அளவு கூடும்போது பழி செல்மேல் விழும். ஆய்வும் கெடும், உங்கள் சிகிச்சையும் கெடும்.

ஏற்றும் செல் பை எங்கிருந்து வருகிறது

சிசேரியனில் பிறந்த குழந்தையின் கொடியை, தாயின் எழுத்து ஒப்புதலோடு, அவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் இல்லை என்று பார்த்து எடுக்கிறார்கள். கழுவி, உள்ளேயிருக்கும் 2 தமனியையும் 1 சிரையையும் உருவி எடுத்துவிட்டு, மீந்த சதையை 1, 2 மில்லிமீட்டர் துண்டுகளாக்கித் தட்டில் பரப்புகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் துண்டுகளிலிருந்து செல்கள் வெளியே ஊர்ந்து தட்டில் ஒட்டி வளர்கின்றன. தட்டு நிறைய நிறைய வேறு தட்டுகளுக்குப் பிரித்து மாற்றுவார்கள். ஓரளவுக்கு மேல் மாற்றினால் செல் கிழடாகி, வளர்ச்சி குன்றி, தன்மை மாறிவிடும்.

இவை நாம் தேடும் செல்தானா என்பதற்கு 2006 முதல் உலகளவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. சி.டி.73, சி.டி.90, சி.டி.105 என்ற அடையாளங்கள் குறைந்தது 95 சதவீதச் செல்களில் இருக்க வேண்டும். ரத்தச் செல்லின் அடையாளங்களான சி.டி.45, சி.டி.34 போன்றவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதோடு பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு ஆகியவற்றுக்கான சோதனைகள். எல்லாம் தேறினால் 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. என்ற காப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மெல்லக் குளிரவைத்து உறையவைப்பார்கள். அவசரமாகக் குளிர்வித்தால் உள்ளே பனிக்கட்டி ஊசிகள் உண்டாகிச் செல்லைக் கிழித்துவிடும்.

உருக்கிய பிறகு எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவார்கள். 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுவாக அந்தப் பையைப் பயன்படுத்தமாட்டார்கள். அவ்வளவு தூரம் வந்து "இன்னிக்கு இல்ல" என்று கேட்க வேதனையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படித் திருப்பி அனுப்பும் இடம்தான் நம்பத்தக்க இடம்.

செல் ஏற்றும் நாள்

காய்ச்சல், சளி, ஆறாத புண் இருந்தால் கிளம்பும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், தேதி மாற்றுவார்கள். ரத்த நாளம் வழி ஏற்றும் ஆய்வுகளில் கிலோவுக்கு 10 முதல் 20 லட்சம் செல் என்பது பரவலான அளவு. 60 கிலோ ஆளுக்கு 6 முதல் 12 கோடி. பையில் உங்கள் ஆய்வு எண் இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். 37 டிகிரி நீரில் உருக்கிய பை அதிக நேரம் தாங்காது, ஆகவே ஊசிக்குழாய் போட்டுத் தயாரான பிறகே உருக்குவார்கள். ரத்தம் ஏற்றும் சாதாரண வடிகட்டி போதும். வெள்ளணுவைத் தடுக்கும் வடிகட்டியை மாட்டினால் செல் முழுவதும் அதிலேயே நின்றுவிடும். செல் அடியில் படியாமலிருக்க நர்ஸ் பையை அவ்வப்போது மெல்ல அசைப்பார்.

ஏற்றும்போது வாயில் பூண்டு வாடை போல வரும், குமட்டும். அது டி.எம்.எஸ்.ஓ., பயமில்லை. குளிர்நடுக்கமும் லேசான காய்ச்சலும் அன்று வரக்கூடும். மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம், உடம்பெங்கும் தடிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவை வேறு. இந்தச் செல்கள் ரத்தம் உறைவதைத் தூண்டக்கூடும் என்பதால் நுரையீரல் அடைப்புக்கு அஞ்ச வேண்டும். உடனே சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியபின் வந்தால், ஆய்வு மருத்துவருக்குத் தொலைபேசி செய்துகொண்டே பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கையில் ஆய்வு அட்டை இருக்கட்டும்.

கடுமையான பாதிப்பு என்றால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை இலவசம். ஆய்வால் வந்தது என்று உறுதியானால் 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் ஏற்கெனவே இருந்த நோயின் கடுமையையும் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படும். உத்தரவு வந்த 30 நாளில் தர வேண்டும். அதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்கும் ஒப்புதல் நகலும், எந்தத் தேதியில் என்ன தொந்தரவு வந்தது என்று எழுதிவைத்த நோட்டும், அரசு மருத்துவமனையில் கொடுத்த சீட்டும்தான். மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைத் தண்ணீர் புகாத இடத்தில் வையுங்கள். ஏற்றிய பையின் பேட்ச் எண்ணையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே பேட்ச் வாங்கிய வேறொருவருக்குச் சிக்கல் வந்தால் உங்களைத் தேடிப் பிடிக்க அந்த எண் வேண்டும்.